பொரிக்குக் கொடுத்த அரைப் பாக்கெட்

பொரிக்கு ரத்தத்தில் கால்சியம் இப்போது சரியாக இருக்கிறது. போன வாரம்தான் சோதித்துப் பார்த்தோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவள் பிழைக்காமல் போயிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். என்ன நடந்தது என்று யாரிடமும் மூச்சு விட்டிருக்கவும் மாட்டேன். என் குணம் எனக்குத் தெரியும்.

பொரி என் நாய். தெருவில் பிறந்தவள், இரண்டு வயது, பதினான்கு கிலோ. வெள்ளை உடம்பில் அங்கங்கே கருகல் புள்ளி இருப்பதால் அந்தப் பெயர். நான் முப்பத்தோரு வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் பெயர் ஞானசுந்தரி. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. நர்சம்மா என்றால் தெரியும், கொஞ்சம் பயப்படவும் செய்வார்கள். தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் கொடுப்பது, விழுங்கினார்களா என்று துருவித் துருவிக் கேட்பது, விழுங்காதவர்களைத் திட்டுவது, இதுதான் என் வேலை. என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பிள்ளை இல்லை. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரியைத் தாண்டி இரண்டு அறை வீடு. ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் திட்டு வாங்க மிச்சம் இருந்தது பொரி ஒருத்திதான்.

முதலில் அவளுக்குக் கடையில் விற்கும் உலர் உணவைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுச் சமையலுக்கு மாறியது அவளுக்காக என்று எல்லோரிடமும் சொல்வேன். உண்மை அதுவல்ல. ஒருத்திக்கு உலை வைப்பது எனக்குச் சலித்துப்போயிருந்தது. அரை டம்ளர் அரிசிக்கு எதற்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்று பல நாள் பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கிறேன். இவளுக்கும் சேர்த்துச் சமைக்கலாமே என்று தோன்றியதும் சமையலறைக்குள் போக ஒரு காரணம் கிடைத்தது. உப்பும் வெங்காயமும் இல்லாமல் சோறு, எலும்பில்லாத கோழிக்கறி, கேரட், பூசணி, ஒரு கரண்டி தயிர். அவள் தட்டை நக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே நானும் சாப்பிட்டேன்.

சும்மா இருந்தேனா? போனில் ஒரு காணொளி பார்த்தேன். சோறும் எலும்பில்லாத கறியும் மட்டும் போட்டால் நாய்க்குச் சத்து குறையும், முக்கியமாகக் கால்சியம் குறையும் என்றார்கள். அது சரி. நம்மைப் போல வெயிலில் நின்றால் நாய்க்கு வைட்டமின் டி போதுமான அளவு ஊறாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்றார்கள். அதுவும் சரி. எவ்வளவு கொடுப்பது என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள் என்று கடைசியில் சொன்னார்கள். அங்கே நான் நிறுத்திவிட்டேன். எனக்கா சத்து மாத்திரையைப் பற்றிச் சொல்லித் தருவது என்ற நினைப்பு.

அந்த வாரமே பொரி முன்னங்காலை நொண்டினாள். எலும்பு பலவீனம் என்று நானே முடிவு கட்டினேன். என் முழங்கால் வலிக்கு எலும்பு மருத்துவர் வைட்டமின் டி பவுடர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒரு பாக்கெட்டில் அறுபதாயிரம் யூனிட், மனிதர்களுக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம். இரண்டு சாப்பிட்டுவிட்டு விட்டுவிட்டேன். ஊரில் உள்ள பெண்களை எல்லாம் விழுங்கு விழுங்கு என்று விரட்டியவள், என் மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மிச்சம் ஆறு பாக்கெட் இருந்தது. வீணாக்குவானேன் என்று தினம் அரைப் பாக்கெட்டைத் தயிரில் கலந்து பொரிக்குக் கொடுத்தேன். கூடவே என் கால்சியம் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டேன். சத்து மாத்திரை யாருக்கும் கெடுதல் பண்ணாது. முப்பத்தோரு வருடம் நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் அது.

பன்னிரண்டு நாளில் பாக்கெட் தீர்ந்தது. அதற்குள்ளேயே அவள் தண்ணீர்ப் பாத்திரத்தை விட்டு நகராமல் குடிக்க ஆரம்பித்திருந்தாள். வீடெல்லாம் சிறுநீர். ஒரு நாள்கூட வீட்டுக்குள் ஒன்றுக்குப் போகாதவள், போய்விட்டு மூலையில் தலையைக் குனிந்து நின்றாள். பிறகு வாந்தி. பிறகு சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாந்தி தொடங்கிய மூன்றாம் நாள் காலையில் எழுந்து நிற்கப் பார்த்தாள், பின்னங்கால் மடங்கிவிட்டது.

ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது. தெருமுனை ஆட்டோக்காரர் பின் சீட்டில் ஒரு சாக்கை விரித்து அவளைத் தூக்கி வைத்தார். கால்நடை மருத்துவமனைக் கொட்டகையில் மாடு, ஆடு, கூடையில் கோழி, எல்லாவற்றோடும் குறைந்தது இரண்டு பேர். ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார், ஒருவர் டீ வாங்கப் போயிருப்பார். உங்களோட யாரும்மா வந்திருக்கா என்று மூன்று பேர் கேட்டார்கள். யாரும் இல்லை என்று சொல்லாமல், வருவாங்க என்றேன்.

பதிவுச் சீட்டு எழுதும் இடத்தில் என் நம்பரை வாங்கிக்கொண்டு, “இன்னொரு நம்பர் குடுங்கம்மா. உங்கள புடிக்க முடியலன்னா கூப்பிடறதுக்கு” என்றார் அந்தப் பெண்.

யாருடையதைக் கொடுப்பது? திருச்சியில் ஒரு தம்பி இருக்கிறான். நாய்க்காகக் கூப்பிட்டால் சிரிப்பான். என்னிடமே இரண்டாவது ஒரு போன் உண்டு, வேலையில் இருந்தபோது வாங்கியது. அந்த நம்பரைச் சொன்னேன். சரியாக எழுதினோமா என்று பார்க்க அந்தப் பெண் மிஸ்டு கால் கொடுத்தார். என் கைப்பைக்குள்ளேயே மணி அடித்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் குனிந்து எழுதிக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

டாக்டர் ஒரு சின்னப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. பொரியின் ஈறைத் தூக்கிப் பார்த்து, தோலைக் கிள்ளிப் பார்த்து, ரத்தம் எடுக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

“என்ன சாப்பாடு போடுறீங்க?”

“வீட்டுச் சாப்பாடுதான். சோறு, கறி, காய்.”

“வேற ஏதாவது குடுத்தீங்களா? மாத்திரை, டானிக்கு, பவுடர்?”

“நான் என்ன வேலை பார்த்தேன்னு சொல்லவா” என்று ஆரம்பித்து, முழுக்கச் சொன்னேன். முப்பத்தோரு வருடம், எத்தனை கிராமம், எல்லாம். பிறகு, “கண்டதையும் குடுக்குற ஆள் இல்லங்க நான். சாப்பாடு மட்டும்தான்” என்றேன்.

அது பொய் என்று சொல்லும்போதே தெரியும். பவுடர் என்ற சொல்லைக் கேட்டதுமே தயிரில் கலந்த அரைப் பாக்கெட்தான் நினைவுக்கு வந்தது. நான் பார்த்த பொய்கள் எத்தனை. பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கலம்மா என்று சொல்லிக்கொண்டே நிற்கும் தாய்மாரின் முகம் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தச் சின்னப் பெண்ணுக்கு அது தெரியவில்லை, அல்லது நர்ஸ் என்றதும் நம்பிவிட்டார்.

ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. அது சிறுநீரகம் வடிகட்டி வெளியே தள்ள வேண்டிய கழிவு. தள்ள முடியாமல் தேங்கினால் சிறுநீரகம் திணறுகிறது என்று அர்த்தம். மழைக்காலம், வயல்வெளி, எலி மூத்திரத் தண்ணீர், எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கான ஊசியைப் போட்டு டிரிப்ஸ் ஏற்றச் சொன்னார். உதவியாளர் முருகையன் முன்னங்காலில் நரம்பு தேடியபோது பாதத்தை விரித்துப் பார்த்தார். இடுக்கியால் எதையோ இழுத்து என் கையில் வைத்தார். கருவேல முள், நகக்கண் நீளம்.

“நொண்டிச்சாம்மா இது?”

“ஆமா.”

“இதுக்குத்தான் நொண்டியிருக்கும். பழைய முள்ளு.”

முள்ளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். எலும்பு பலவீனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அங்கே தங்க வைக்க இடமில்லை. காலையில் கொண்டுவந்து, பிற்பகல் வரை டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். மறுநாளும் வந்தோம். சிமெண்டுத் தரையில் என் பக்கத்தில் படுத்திருந்தாள். ஊசி குத்திய காலை என் மடியில் வைத்துக்கொண்டு சொட்டுகளை எண்ணினேன். தம்பி போன் செய்தான். சொன்னேன்.

“ஒரு நாய்க்கு இவ்வளவு அலையணுமாக்கா? வேற ஒண்ணு எடுத்துக்கலாம்ல.”

“வைடா போன” என்று வைத்துவிட்டேன்.

ஜெபம் செய்யப் பார்த்தேன். டாக்டரிடம் மறைத்ததை ஆண்டவரிடம் சொல்லிக் குணமாக்கு என்று கேட்பது எனக்கே நன்றாக இல்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். இரண்டாம் நாள் டிரிப்ஸ் முடிந்தும் பொரி தேறவில்லை. வால்கூட ஆட்டவில்லை. இப்போதாவது சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை எழுந்து டாக்டர் அறை வாசல்வரை போனேன். இரண்டு தடவையும் கழிப்பறை எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். இவ்வளவு பெரிய நர்ஸ் இப்படியா என்று அந்தப் பெண் நினைப்பாளே என்பதுதான் நாய் சாவதைவிட எனக்கு அப்போது பெரிதாக இருந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை கொட்டகையில் ஒரு பெண் வயிறு உப்பிய ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வரிசையில் நின்றாள். டாக்டர் என்ன கொடுத்தாய் என்று கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

“மிச்சமான சோறு மூணு கைப்புடி வச்சிட்டேங்க. அதுக்கப்புறம் இன்னொரு கைப்புடியும் வச்சேன். ஆசையா தின்னுச்சேன்னு.”

டாக்டர் சிரித்துவிட்டு, எண்ணெய் கொடுக்கச் சொல்லி எழுதினார். அவள் திரும்பியபோது என்னைப் பார்த்து நின்றாள்.

“நர்சம்மாதானே? நான் செல்விம்மா. பட்டுக்கோட்டைப் பக்கம், பெரிய வாய்க்காத் தெரு. இப்ப இங்கதான் இருக்கோம். உங்ககிட்டதான் என் பையனுக்கு ஊசி போட்டேன்.”

எனக்கு நினைவு வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பொரிக்கு டிரிப்ஸ் மாட்டி முடிப்பதற்குள் அவளே போய் இரண்டு டீ வாங்கிவந்து ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, குட்டியை மடியில் போட்டுக்கொண்டு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் என் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்தது அப்போதுதான்.

“வச்சதெல்லாம் அப்படியே சொல்லிட்டியே, கூச்சமா இல்லையா?” என்று கேட்டேன்.

“இந்த டாக்டரம்மா திட்ட மாட்டாங்கம்மா” என்றாள்.

அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. குட்டியின் வயிற்றைத் தடவிக்கொண்டே சொன்னாள். பிறகு அவளே தொடர்ந்தாள். அவள் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது வயிற்று வலிக்கு வசம்பு உரசிக் கொடுத்திருக்கிறாள். நான் கண்டுபிடித்துவிட்டேன். தடுப்பூசி போட வந்த இருபது பெண்களுக்கு முன்னால் நீ தாயா பேயா என்று கேட்டிருக்கிறேன். அப்படிக் கேட்பது என் வழக்கம்தான். பலரையும் கேட்டிருக்கிறேன். பயந்தால்தான் திருந்துவார்கள் என்று நினைத்தேன்.

“அப்புறமாவது நிறுத்தினியா?” என்றேன்.

“இல்லம்மா. குடுத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்ககிட்ட சொல்றத நிறுத்திட்டேன், அவ்வளவுதான்.”

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் பொரியைப் பார்த்து, “என்னம்மா ஆச்சு இதுக்கு?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு மூன்று நாளாக எலிக்காய்ச்சலாம் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அவளிடம் அது வாயில் வரவில்லை.

“நான்தான் குடுத்துட்டேன் செல்வி. என் சத்துப் பவுடர். தினமும்.”

செல்வி என்னை நிமிர்ந்து பார்த்தாள். தாயா பேயா என்று கேட்க அவளுக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. அவள் கேட்கவில்லை.

“டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“போய்ச் சொல்லுங்கம்மா. நான் புடிச்சிக்கிறேன் இத.”

பொரியின் காலை என் மடியிலிருந்து தன் மடிக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு பக்கம் ஆட்டுக்குட்டி, ஒரு பக்கம் நாய். நான் எழுந்து போனேன். இந்தத் தடவை கழிப்பறையைக் கேட்கவில்லை.

டாக்டர் கேட்டது மூன்றே கேள்வி. எவ்வளவு, எத்தனை நாள், கடைசியாக எப்போது. நான் பதில் சொல்லும்போதே வெளியே நடந்துவந்து பாட்டிலின் திருகை மூடினார்.

“இந்த பாட்டில்ல கொஞ்சம் கால்சியம் இருக்குங்கம்மா. சாதாரணமா நல்லதுதான். இதுக்கு இப்ப ஆகாது.”

இரண்டரை நாள் நான் சொட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதைத்தான். என்ன கொடுத்தேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே வேறு பாட்டில் மாட்டியிருப்பார். அவர் அதைச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

வைட்டமின் டி என்ன செய்யும் என்று அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். சாப்பாட்டில் இருக்கிற கால்சியத்தைக் குடலிலிருந்து ரத்தத்துக்குள் இழுத்துவிடும் வேலை அதனுடையது. அளவோடு இருந்தால் எலும்புக்கு நல்லது. அளவு மீறினால் இழுத்துக்கொண்டே இருக்கும், எலும்பிலிருந்தும் உருவும். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வடிகட்டுகிற சிறுநீரகத்திலேயே படியத் தொடங்கும். தாகம், சிறுநீர், வாந்தி எல்லாம் அதனால்தான். அதிகப்படியான டி கொழுப்பில் போய்ப் பதுங்கிக்கொள்ளும், உடனே வெளியே போகாது. அதனால் வாரக்கணக்கில் காவல் இருக்க வேண்டும். அன்று மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மாலை வந்த முடிவில், பன்னிரண்டுக்குள் இருக்க வேண்டிய கால்சியம் பதினாறு இருந்தது.

“பொழைக்குமா?” என்று கேட்டேன்.

“இன்னைக்குச் சொல்ல முடியாதும்மா. ஆனா என்னன்னு இப்ப தெரிஞ்சிடுச்சில்ல” என்றார்.

அதன் பிறகு வெறும் உப்புத் தண்ணீர் டிரிப்ஸ், சிறுநீரோடு கால்சியத்தைக் கழிக்க ஒரு ஊசி, ஸ்டீராய்டு மாத்திரை. தயிர், பால், முட்டை, மாத்திரை எல்லாம் தடை. தினமும் அதே கொட்டகை, அதே தூண். ஆட்டோக்காரர் காத்திருந்ததற்குக் கூலி கேட்கவே இல்லை. நான்காம் நாள் திருச்சி பஸ் கண்டக்டர் போன் செய்து ஒரு மூட்டையை வாங்கிக்கொள்ளச் சொன்னார். தம்பி மனைவி அனுப்பியிருந்தாள். நைந்த பருத்திச் சேலை நான்கு, துவைத்து மடித்தவை. நாய் சிமெண்டுத் தரையில படுக்க வேணாம்னு சொன்னா என்று தம்பி மெசேஜ் போட்டிருந்தான். சேலையை விரித்துப் பொரியைப் படுக்க வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

டிரிப்ஸ் மாற்றிய ஆறாம் நாள் பிற்பகல் சோறும் கோழியும் உருண்டை பிடித்துக் கொண்டுபோயிருந்தேன். முகர்ந்து பார்த்தாள். திரும்பிக்கொள்வாள் என்று கையை இழுத்தேன். என் மணிக்கட்டைத் தொடர்ந்து மூக்கு வந்தது. ஒரு உருண்டை தின்றாள். முருகையன் அந்தக் கோடியிலிருந்து, “தின்னுடுச்சா?” என்று கேட்டார். தலையாட்டினேன்.

பிறகு இரண்டு மாதம் வாரம் ஒரு முறை ரத்தம் எடுத்தோம். கால்சியம் இறங்கி, ஒரு வாரம் மறுபடி கொஞ்சம் ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. சிறுநீரகத்தில் கொஞ்சம் பழுது நின்றுவிட்டது, அது இனிமேல் அப்படித்தான். இப்போது வீட்டுச் சாப்பாட்டுக்கான சத்தையும் டாக்டர்தான் அளந்து கொடுத்திருக்கிறார். அவள் எடைக்கும் சிறுநீரகத்துக்கும் பார்த்து, நாய்க்கென்றே உள்ள ஒரு பொடி, அதற்கான சின்னக் கரண்டி, வாரம் இரண்டு தடவை வேகவைத்த மத்தி மீன். கறியைத் தராசில் நிறுத்துப் போடுகிறேன். போகும்போதெல்லாம் வேற ஏதாவது குடுத்தீங்களா என்று கேட்கிறார். சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து பிஸ்கட் பாதி, புதன்கிழமை இட்லி ஓரம், கீழே விழுந்த கடலை ஒன்று. போதும்மா, போதும் என்கிறார்.

செல்வி அன்றைக்கு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனாள். குட்டி தேறிவிட்டது என்று ஒரு தடவை சொன்னாள். பிறகு பேச்சில்லை. போன வாரம், பொரியின் கடைசிச் சோதனை முடிந்து வந்து அடுப்பில் உலை வைத்திருந்தபோது கூப்பிட்டாள்.

“அம்மா, ஒண்ணு சொன்னா திட்டமாட்டீங்களே?”

“சொல்லு.”

“என் மருமக மாசமா இருக்கா. நர்சு குடுக்குற சத்து மாத்திரைய எல்லாம் கொல்லையில கொட்டிக்கிட்டு இருந்திருக்கா. நேத்துதான் பாத்தேன். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அழுவுறா.”

முப்பத்தோரு வருடப் பழக்கம், திட்டு நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பொரி தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பைத் தணித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“ஏன் புடிக்கலையாம் அவளுக்கு?” என்று கேட்டேன்.

அப்படி ஒரு கேள்வியை நான் வேலையில் இருந்தபோது ஒருத்தியிடமும் கேட்டதில்லை. “அவளையே கேளுங்கம்மா” என்றாள் செல்வி. பிறகு போனை மருமகளிடம் கொடுத்தாள்.